வெள்ளிச் சொப்பும் கொய்ங் மெஷினும்

என் கணவர் துபாயிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் எல்லோரும் தங்கத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். அவர் தங்கத்தைக் கண்டுபிடிக்கிற மெஷினைக் கொண்டுவந்தார்.

அது தொண்ணூறுகளின் ஆரம்பம். காளையார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் டீச்சர். அவர் ஐந்து வருஷம் ஒரு கட்டடக் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெட்டி பிரிக்கிற அன்றைக்கு என் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு நாத்தனார்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். கம்பளி வந்தது, பால் பவுடர் வந்தது, கோடாலித் தைலம் ஒரு டஜன் வந்தது, செண்ட் பாட்டில் வந்தது. பெட்டி காலியாகிக்கொண்டே போனது. கடைசியில் தனியாக ஒரு கைலியில் சுற்றியிருந்த நீளமான சாமானை எடுத்துப் பிரித்தார். ஒரு கம்பு. கம்பின் அடியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு வட்டம். மேலே இரண்டு திருகு.

"இது என்னப்பா, விளக்கமாறா?" என்று மாமியார் கேட்டார்.

அவர் பொறுமையாக விளக்கினார். மண்ணுக்குள் முக்கால் அடி ஆழத்தில் ஒரு மோதிரம் கிடந்தாலும் இது சத்தம் போட்டுச் சொல்லிவிடும் என்றார். மாமியார் அந்தத் தட்டையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மண்ணுக்குள்ள நமக்கு யாருப்பா மோதிரம் போட்டு வச்சிருக்கா? கடையில போட்டு வச்சிருக்கான்ல, அதுல ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றார்.

நாத்தனார்கள் ஆளுக்கு மூன்று கோடாலித் தைலத்தோடு ஊருக்குப் போனார்கள்.

அந்த மெஷின் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதை அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னார். அவருடைய கம்பெனியில் ஒரு வெள்ளைக்கார போர்மேன் இருந்தாராம். வெள்ளிக்கிழமை லீவு நாளில் கடற்கரையில் இதை ஆட்டிக்கொண்டு நடப்பாராம். என் கணவரும் துணைக்குப் போய்ப் பழகிவிட்டார். போர்மேன் வேலையை விட்டுப் போகும்போது பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். காதில் போட்டுக்கொள்கிற கருவியில் அந்தச் சத்தம் கேட்கும்போது வருகிற சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்காது என்று என் கணவர் சொன்னார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் அவ்வளவு உணர்ச்சியாக எதைப் பற்றியும் பேசியதில்லை என்பதால் நான் கொஞ்சம் சங்கடத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் வாசலில் வெள்ளோட்டம் பார்த்தார். எங்கே வைத்தாலும் கொய்ங் என்றது. தோண்டினால் ஆணி, கொண்டை ஊசி, சோடா மூடி, பாதி பிளேடு. ஒரு வாரத்தில் வாசல் முழுக்கப் பன்றி கிளறியது மாதிரி ஆகிவிட்டது. மாமியார் குறுக்கே நடந்துபோனால் அவர் இடுப்புச் சாவிக்கொத்துக்கும் கொய்ங் என்றது. மாமியார் அந்தக் குழிகளில் எல்லாம் கீரை விதையைத் தூவிவிட்டார். அந்த வருஷம் நாங்கள் நிறையத் தண்டங்கீரை சாப்பிட்டோம்.

வாசலோடு இது நின்றிருக்கும். நான்தான் வாயைக் கொடுத்துக் கெடுத்தேன். காளையார்கோவிலைச் சுற்றி அந்தக் காலத்தில் பெரிய காடு இருந்தது, கோட்டை இருந்தது, வெள்ளைக்காரனோடு சண்டை நடந்தது என்று எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்துகிற பாடத்தை ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அவரிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மொபெட்டை எடுத்தார். மெஷினைப் போர்வையில் சுற்றி என் மடியில் குறுக்கே வைத்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றுகிற கம்பி என்று நினைத்திருக்கிறார்கள்.

கருவேலம் புதருக்குள் அவர் தட்டை ஆட்டிக்கொண்டே போவார். நான் மண்வெட்டியோடு பின்னால் போவேன். நிஜமாகவே கிடைத்தது. எழுத்து தேய்ந்த செம்புக்காசுகள். சுண்டைக்காய் அளவில் ஈய உருண்டைகள், துப்பாக்கிக் குண்டாக இருக்கும் என்றார். ஒரு பித்தளை மணி. பச்சை பூத்துப்போன ஒற்றை மிஞ்சி. அந்த மிஞ்சியைப் பார்த்தபோது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. எந்தப் பெண்ணின் கால்விரலில் இருந்ததோ, ஓடும்போது கழன்றதோ என்று நினைத்துக்கொண்டேன். அதே மாதம் அவருக்கு வாள் ஒன்றும் கிடைத்தது. ஒரு முழம் நீளம், லேசான வளைவு. மூன்று நாள் புளியும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தார். கைப்பிடி போட்டு வாங்கலாம் என்று வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனார். வெல்டிங்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது லாரி ஸ்பிரிங் பட்டை, ஓட்டையைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். அதோடு வாள் விஷயம் முடிந்தது.

ஆனால் மற்றதெல்லாம் பழைய சாமான்தான். மண்ணுக்கடியில் கிடைத்தால் அது சர்க்காருக்குச் சொந்தம், நான் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள், என் பீரோவில் இது இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனிதர். காசுகளை மேஜையில் பரப்பிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இப்படித் தானாகக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யாரும் அவர் சர்வீசில் இல்லையாம், அதனால் எந்த ரிஜிஸ்டரில் ஏற்றுவது என்று விசாரிக்க வேண்டும் என்றார். ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். கிளம்பும்போது வாசல்வரை கூடவே வந்தார். அவர் சம்சாரத்தின் தோடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலைக்காய் பறிக்கும்போது விழுந்துவிட்டது, மெஷின் அதைச் சொல்லுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அந்த ஞாயிறு கிளார்க்கின் காட்டுக்குப் போனோம். கடலைக்காட்டில் ஒன்றும் இல்லை. திரும்புகிற வழியில் என் கணவர் சும்மா எருக்குழி ஓரத்தில் தட்டைக் காட்டினார். அங்கே கொய்ங் என்றது. மாட்டுச் சாணத்தைக் கிளறினால் தோடு. அந்த அம்மா எருக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தோட்டைத் தொலைத்ததாக இரண்டு வருஷம் புருஷனிடம் வாங்கின பேச்சை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கிளார்க் அந்தப் பக்கம் திரும்பித் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிபன் பாக்ஸ் சாமான்களை ஒரு மாதம் கழித்து சிவகங்கையிலிருந்து ஓர் அதிகாரி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போனார். இனிமேல் கோட்டைப் பக்கம் மெஷினோடு போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது நியாயம். நாங்கள் அப்புறம் போகவில்லை. ஆனால் எருக்குழிச் சங்கதி சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. தொலைத்தவர்கள் எல்லாம் வீடு தேடி வந்தார்கள். ஒருவர் மணி கட்டின ஆட்டைத் தேடித் தரச் சொன்னார். ஓர் அம்மா நாலு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, நாலணாவை முழுங்கிவிட்டான், உள்ளே இருக்கிறதா பாருங்கள் என்று பெஞ்சில் படுக்கவைத்தார். வயிற்றுக்கு மேல் தட்டைப் பிடித்தால் கொய்ங் என்றது. இருக்கிறது என்று தெரிந்ததே அந்த அம்மாவுக்கு நிம்மதி. ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து வந்து, வெளியே வந்துவிட்டது, ஆனால் பத்து பைசாதான் வந்திருக்கிறது, மிச்சம் எங்கே என்று கேட்டார். மெஷினுக்கு அவ்வளவு கணக்குத் தெரியாது என்று என் கணவர் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மே மாதம் எங்கள் வாசலில், கீரைப்பாத்தியை ஒட்டி, ஒரு அம்பாசிடர் கார் வந்து நின்றது.

இறங்கியவருக்கு எழுபது வயசு இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. கானாடுகாத்தான் வீட்டுக்காரர், இருப்பு மெட்ராஸ். அவருடைய பூர்வீக வீட்டில் ஐந்து பங்காளிகள். வீடு வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குத்தான் எல்லோரும் வந்து கூடுவார்கள். அவருடைய தாயார் கண் மூடுகிற நேரத்தில் "பின்கட்டுல இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. பர்மாவில் சண்டை வந்தபோது அங்கிருந்து வந்த நகைகளைப் பெரியவர்கள் பின்கட்டில் புதைத்துவிட்டார்கள் என்பது பங்காளிகளின் முடிவு. ஊறுகாய் ஜாடியைச் சொல்லியிருப்பார் என்பது இவருடைய மருமகளின் கருத்தாம். அதையும் அவரே நேர்மையாகச் சொன்னார்.

"எதா இருந்தாலும் தெரிஞ்சுபோயிரட்டும் தம்பி. அஞ்சு வீட்டுக்காரவுகளும் இதை நெனச்சு நெனச்சே கெழவனாயிட்டோம்" என்றார்.

பள்ளிக்கூடம் லீவு. எடுக்கிற சாமானை எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று நானும் போனேன்.

அந்த வீட்டை முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறினால் ஒரு தெருவைக் கடந்தது மாதிரி இருக்கும். பின்கட்டில் அடுப்படியைத் தாண்டி ஒரு பெரிய வெட்டவெளி, கிணறு, கல்தொட்டி, இரண்டு கொய்யாமரம். அங்கே ஐந்து நாற்காலி போட்டிருந்தது. ஐந்து பங்காளிகளும் ஆளுக்கொரு குடையோடு மே மாத வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். ஆளுக்கொரு நோட்டும் வைத்திருந்தார்கள். நான் எழுதுகிறதை ஐந்து பேரும் எழுதினார்கள். எதைத் தோண்டி எடுத்தாலும் ஐந்து கையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் கீழே வைக்கலாம். ஒருவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனால் இன்னொருவரும் தனக்கும் போக வேண்டியிருக்கிறது என்று கூடவே போனார். ஆனால் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பதினோரு மணிக்கு மோர், ஒரு மணிக்கு இலை போட்டுச் சாப்பாடு, நாலு மணிக்கு வெள்ளைப் பணியாரம். நானும் என் கணவரும் அந்த நாலைந்து நாளில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டோம்.

முதல் நாள் கிடைத்தவை: தாழ்ப்பாள் நாலு, எனாமல் தட்டு இரண்டு, தையல் மெஷின் மிதி ஒன்று, கரண்டிக் காம்புகள், பர்மாக் காசு ஒன்று, ஒரு பெரிய பூட்டு. பூட்டு கிடைத்ததும் பங்காளிகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பூட்டு இருந்தால் பெட்டி இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அதை ஐந்து பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கல்தொட்டியை ஒட்டி நடந்துகொண்டிருந்த என் கணவர் நின்றார். தட்டை முன்னும் பின்னும் ஆட்டினார். திருகைத் திருப்பினார். காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இது இரும்பு இல்ல" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

ஐந்து நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. ஒன்றரை அடி தோண்டினார். பச்சை பிடித்த ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி, மூடி போட்டபடி. ஆட்டிப் பார்த்தால் உள்ளே கலகலவென்று சத்தம். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே திறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர்களில் மூத்தவர் மணியைப் பார்த்துவிட்டு ராகுகாலம் வந்துவிட்டது என்றார். ஒன்றரை மணி நேரம் தூக்குச்சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மோர் வந்தது, யாரும் எடுக்கவில்லை. என் கணவர் மட்டும் இரண்டு தம்ளர் குடித்தார்.

நேரம் வந்ததும் மூடியைத் தட்டித் திறந்து ஒரு துண்டில் கொட்டினார்கள். குட்டிக் குடம், குட்டி அடுப்பு, குட்டிப் பானை, குட்டித் தாம்பாளம். இட்லிக்கொப்பரைகூட இருந்தது, நெல்லிக்காய் அளவுக்கு. எல்லாம் கரேல் என்று கறுத்திருந்தது. நான் ஒன்றை எடுத்து முந்தானையால் தேய்த்தேன். வெள்ளி. சின்னப்பிள்ளைகள் சோறு பொங்கி விளையாடுகிற சொப்பு.

நாலு பங்காளிகள் ஏமாந்துபோய் நாற்காலிக்குத் திரும்பினார்கள். ஒருவர் குழிக்குள் எட்டிப் பார்த்து, இதுக்குக் கீழே ஏதாவது இருக்குமா என்று கேட்டார். எங்களைக் கூப்பிட வந்தாரே, அந்தப் பெரியவர் மட்டும் நகரவில்லை. மெல்லக் குனிந்து, வெள்ளை வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தார். அந்தக் குட்டி அடுப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இதை நான்தான் பொதச்சேன்" என்றார்.

அவருக்கு அப்போது எட்டு வயசாம். தங்கைக்கு ஆறு. அவருடைய அப்பா, அப்பச்சி என்பார்கள், ரங்கூனிலிருந்து மூன்று வருஷம் கழித்து வந்திருக்கிறார். மகளுக்கு வெள்ளியில் சொப்பு. மகனுக்கு வாய்ப்பாட்டுப் புத்தகம். கொண்டுவந்ததோடு விடாமல் தினமும் சாயங்காலம் உட்காரவைத்துப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டிருக்கிறார். உள்ளே இவர் பதினாறாம் வாய்ப்பாட்டில் அழுதுகொண்டிருக்கும்போது வெளியே தங்கை வெள்ளிப் பானையில் சோறு பொங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது சொப்பை அள்ளித் தூக்குச்சட்டியில் போட்டு, தோட்டக்காரருடைய களைக்கொத்தியை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். இரண்டு நாள் அழட்டும், அப்புறம் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாராம். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், மழை பெய்து குழி இருந்த தடமே இல்லை. பத்து வயசில் அவரை ரங்கூனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அதற்கப்புறம் அது அவர் நினைப்பிலேயே இல்லை. இந்த அடுப்பைப் பார்க்கும்வரை.

"அது அடி வாங்குச்சு" என்றார் தங்கையைப் பற்றி. "ஆத்தா அடிச்சாக. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்த அடியோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தொலைச்சவள் என்று பெயராகிவிட்டது. கல்யாணத்துச் சீர்சாமான் பரப்பும்போது வெள்ளிச் சொப்பு எங்கே என்று யாரோ கேட்க, தாயார் சம்பந்தி வீட்டிலேயே அதைச் சொல்லிவிட்டாராம். அதனால் தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் சாமான் அறைச் சாவியை அந்த அம்மா கையில் யாருமே கொடுக்கவில்லை. சாவி முதலில் மாமியாரிடம், பிறகு நாத்தனாரிடம், அதற்குப் பிறகு நேராக மருமகளிடம். இதையெல்லாம் பெரியவர் சொல்லும்போது மற்ற பங்காளிகள் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே தேவகோட்டைக்குக் கிளம்பினார். நாங்களும் கூட வர வேண்டும் என்றார். காரில் போகும்போதுதான் ஏன் என்று தெரிந்தது. சாமான் கிடைத்தது என்று மட்டும் நான் சொல்ல வேண்டுமாம். யார் புதைத்தது என்பதை விட்டுவிட வேண்டுமாம். டீச்சர் சொன்னால் தங்கை நம்பும் என்றார். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று சொன்னால் என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எலி தூக்குச்சட்டியில போட்டு மூடியும் வைக்குமா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தங்கை ஆச்சி கூடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, காதில் வைரத்தோடு, நேரான முதுகு. பக்கத்தில் மருமகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தூக்குச்சட்டியை முன்னால் வைத்தார். ஆச்சி மூடியைத் திறந்தார். பேப்பரை விரித்து அதில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குடம், பானை, அடுப்பு, தாம்பாளம் என்று அந்தந்தச் சாமான் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். அறுபது வருஷத்துக்கு முன்னால் வைத்த வரிசைதான் என்று எனக்குத் தோன்றியது. மருமகள் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "எலி..." என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். "நான்தான்" என்று முடித்தார்.

ஆச்சி நிமிரவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினேழு இருக்கு. கரண்டி எங்கண்ணே?" என்றார்.

தூக்குச்சட்டியில் இருந்தது அவ்வளவுதான் என்று பெரியவர் சொன்னார். பதினெட்டு உருப்படி, கரண்டி இல்லாமல் எதை வைத்துக் கிண்டுவது என்று ஆச்சி கேட்டார். புதைத்தவருக்குத்தானே தெரியும், போய்ப் பார்க்கட்டும் என்றார். அப்புறம் எங்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் அந்தக் கரண்டியைத் தேடினோம். குழியை நாலு பக்கமும் அகலப்படுத்தினோம். மண்ணைச் சல்லடையில் சலித்தோம். பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அவரே மண்ணை அள்ளினார். பங்காளிகள் நாலு பேரும் முதலில் புதையல் வேலை கெடுகிறதே என்று முணுமுணுத்தார்கள். ஆனால் ஒரு மனிதர் எழுபது வயசில் கால்விரல் நீளக் கரண்டிக்காக மண்ணில் முழங்கால் போட்டுத் தவழும்போது நாற்காலியில் குடையோடு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? இரண்டாம் நாள் அவர்களும் இறங்கிச் சலித்தார்கள். மெஷின் எல்லாவற்றுக்கும் கொய்ங் என்றது. ஒரு மோதிரம் கிடைத்தது, பழைய காலத்துக் கெட்டி மோதிரம், நவரத்தினக்கல் பதித்தது. நான் நோட்டில் எழுதி வைத்தேன். அதைக்கூட யாரும் ஐந்து கை மாற்றிப் பார்க்கவில்லை. கரண்டி இல்லையா, கரண்டி இல்லையா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் நாள் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுபடி தேவகோட்டைக்குப் போனோம். பெரியவருக்கு உள்ளங்கை இரண்டும் கொப்புளம். இல்லை தங்கச்சி, எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டோம் என்று கையை விரித்தார். ஆச்சி கொப்புளத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மருமகளைக் கூப்பிட்டு, பீரோவில் சேலைக்கு அடியில் ஒரு குங்குமச்சிமிழ் இருக்கும், எடுத்து வா என்றார். அதற்குள்ளே பஞ்சு. பஞ்சுக்குள்ளே கரண்டி. மற்றதெல்லாம் கறுத்திருக்க இது மட்டும் நேற்றுத் தட்டின மாதிரி பளபளவென்று இருந்தது. சொப்பு காணாமல்போன அன்றைக்கு இது மட்டும் அவர் கையில் இருந்திருக்கிறது. கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருக்கிறார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப எதுக்கு ஆச்சி அவுகளத் தேடச் சொன்னீக?" என்று கேட்டுவிட்டேன்.

"அறுபது வருசமா எல்லாரும் என்னயத்தான் தேடச் சொன்னாக. அண்ணன் ஒரு மூணு நாள் தேடட்டுமேன்னுதான்" என்றார்.

பெரியவர் கோபித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை போனார். செருப்பை மாட்டினார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாரோ என்று நான் பதறிவிட்டேன். திரும்பும்போது பார்த்தால் சிரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். அந்த நேரத்தில் மருமகள் ஒரு காரியம் செய்தார். யாரும் சொல்லாமல் இடுப்பிலிருந்து சாமான் அறைச் சாவியை எடுத்து ஆச்சி பக்கத்தில் பேப்பர் மேல் வைத்தார். ஆச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு இடுப்பில் செருகிக்கொண்டார். காப்பிக்குச் சர்க்கரை எடுக்க மருமகள் அவரிடம் சாவி கேட்க வேண்டியிருந்தது. நானே எடுத்துத் தருகிறேன் என்று ஆச்சி எழுந்து போனார். அந்தக் காப்பியில் சர்க்கரை மிகக் கம்மி. எல்லோரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

மோதிரம் யாருக்கு என்று ஐந்து வீட்டாரும் பேசி முடிக்க ஒரு வருஷம் ஆனதாகக் கேள்வி. பெரிய புதையல் கிடைக்கவில்லை. அது இருக்கிறது என்றே இன்றைக்கும் நாலு வீட்டார் நம்புகிறார்கள். எங்கள் மெஷின் அடுத்த மழைக்காலத்தில் ஊமையாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே எறும்பு முட்டையிட்டிருந்தது. என் கணவர் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை போட்டார். அதில் அவருக்கு நல்ல பெயர்.

இரண்டு வருஷம் கழித்துக் கானாடுகாத்தானிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெரியவரின் பேத்திக்குக் கல்யாணம். போனோம். பூட்டியே கிடந்த வீட்டில் அன்றைக்கு நிற்க இடமில்லை. பந்தியில் பெரியவர் இலை இலையாக நின்று சொப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப்போய், இவுகதான், இந்தத் தம்பிதான் எடுத்துக் கொடுத்தாக என்று எல்லோருக்கும் காட்டினார். கதை கொஞ்சம் வளர்ந்திருந்தது. குழி ஆறடி ஆகியிருந்தது. அவருக்கு வயசு குறைந்திருந்தது.

"அப்ப எனக்கு அஞ்சு வயசு. விவரம் தெரியாத வயசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிர்வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி அப்பளத்தை உடைத்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"எட்டு."